பழைய காரின் கார்புரேட்டரைப் புகைச் சோதனைக்குத் தயார்செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோ கம்ப்யூட்டரோ இல்லாத, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில் ஓடும் பழைய பெட்ரோல் கார்களை வைத்திருப்பவர்கள் புகைச் சோதனைக்குப் போகும் முன்பும், சில வேளை தோற்றுத் திரும்பிய பின்பும், கேட்கின்ற கேள்விகளுக்கான விடைகள் இவை. பிளக்கைக் கழற்றி மாட்டவும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைப் பிடிக்கவும் தெரிந்தவர் இங்குள்ள வேலைகளில் பெரும்பகுதியைத் தாமே செய்துகொள்ளலாம்.

சோதனையில் உண்மையில் எதை அளக்கிறார்கள்?

சைலன்சர் குழாய்க்குள் ஒரு மெல்லிய உலோகக் குழலைச் செருகி, வெளிவரும் வாயுவில் கொஞ்சத்தை உறிஞ்சி, அதனூடே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, எந்த வாயு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதைக் கொண்டு அளவைக் கணக்கிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு சதவீதத்திலும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கிலும், அதாவது பி.பி.எம். அலகிலும், திரையில் வரும். சற்று மேம்பட்ட கருவிகள் கார்பன் டை ஆக்சைடையும் ஆக்சிஜனையும் சேர்த்தே காட்டும்.

வரம்பு நாட்டுக்கு நாடு, காரின் தயாரிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். பழைய கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 முதல் 4.5 சதவீதம் வரையிலும், ஹைட்ரோகார்பன் 1200 முதல் 1500 பி.பி.எம். வரையிலும் வைத்திருக்கும் விதிகளைப் பரவலாகக் காணலாம். மிகப் பழைய கார்களுக்குக் கண்ணால் புகையைப் பார்ப்பதோடு விட்டுவிடும் இடங்களும் உண்டு. உங்கள் காருக்கு உரிய எண்ணை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் வேலை எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க முடியும்.

கார்பன் மோனாக்சைடு அதிகமாக இருந்தால் என்ன பொருள்?

எரிவதற்குத் தேவையான காற்றைவிடப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று பொருள். மெக்கானிக்குகள் சொல்வதுபோல, மிக்சர், அதாவது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, ரிச்சாக இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தில் நன்றாக எரியும் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். காற்று 13 கிலோவாகக் குறைந்தால் அது 4 சதவீதத்தை நெருங்கும். 12 ஆனால் 6 சதவீதத்தைத் தாண்டும். பழைய எஞ்சின்கள் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, தடுமாறாமல் நிற்பதற்குச் சற்று ரிச்சான மிக்சரையே விரும்பும் என்பதால், 2 முதல் 3 சதவீதம் என்பது வண்டியும் சுகமாக ஓடி, சோதனையும் தேறக்கூடிய இடம். ஒரு சதவீதத்துக்குக் கீழே இழுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

ஹைட்ரோகார்பன் அதிகம் என்றால்? அதுவும் ரிச் மிக்சர்தானே?

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு "ஆம்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூவைத் திருப்பியவர்களால்தான் பல எஞ்சின்கள் மேலும் கெட்டிருக்கின்றன. ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலேயே வெளியே வந்துவிட்ட பெட்ரோல். மிக்சர் மிகவும் ரிச்சாக இருந்தாலும் அது வரும். மிகவும் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருந்து தீ பற்றாமல் போனாலும் வரும். மிக்சர் மிகச் சரியாக இருந்தும் ஒரு பிளக் அவ்வப்போது தீப்பொறி விடத் தவறினால் இன்னும் அதிகமாக வரும். எக்ஸாஸ்ட் வால்வு சரியாக அமராமல் கசிந்தாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் மேலேறினாலும் இதே எண்தான் உயரும். ஆகவே ஹைட்ரோகார்பனைத் தனியாகப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

நான்கு வாயுக்களையும் சேர்த்து எப்படிப் படிப்பது?

கார்பன் மோனாக்சைடு 6, ஹைட்ரோகார்பன் 500, ஆக்சிஜன் அரைக்கும் கீழே, கார்பன் டை ஆக்சைடு 11 என்று இருந்தால் ஐயமே இல்லை. எல்லா சிலிண்டரும் எரிகின்றன, பெட்ரோல்தான் அதிகம். இது கார்புரேட்டரையோ, அதற்குப் பெட்ரோல் தரும் பாகங்களையோ சேர்ந்த குறை.

கார்பன் மோனாக்சைடு அரைச் சதவீதம், ஆக்சிஜன் 4 அல்லது 5, ஹைட்ரோகார்பன் 1500க்கு மேல் என்று வந்து, எஞ்சினும் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தால் மிக்சர் லீன். எங்கோ கள்ளத்தனமாகக் காற்று புகுகிறது, அல்லது ஐடிலிங்குக்குப் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது.

மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு 2 சதவீதம் என்று அழகாக இருக்கும்; ஹைட்ரோகார்பன் மட்டும் 2000ஐத் தாண்டும்; ஆக்சிஜனும் கூடவே உயர்ந்திருக்கும். ஒரு சிலிண்டருக்குள் போன காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே வெளியேறுகின்றன என்பதே இதன் பொருள். இங்கே கார்புரேட்டரைத் தொட்டுப் பயனில்லை. பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடை எரிதலின் மதிப்பெண்ணாகக் கொள்ளலாம். 13 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. எல்லா எண்களும் ஒருசேரக் குறைந்து ஆக்சிஜன் மட்டும் பெருகியிருந்தால், சைலன்சரில் ஓட்டை இருந்து வெளிக்காற்று கலக்கிறதா என்று பாருங்கள். ஓட்டைச் சைலன்சர் எண்களைக் குறைத்துக் காட்டுமே, விட்டுவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. கார்பன் டை ஆக்சைடும் மோனாக்சைடும் சேர்ந்த கூட்டுத்தொகை குறைவாக இருப்பதைக் கண்டால் சோதிப்பவருக்கு விஷயம் உடனே விளங்கிவிடும்.

கார்புரேட்டரிலிருந்தே வேலையைத் தொடங்கலாமா?

கூடாது. கார்புரேட்டருக்குக் கை போவது கடைசியில்தான். கையெட்டும் இடத்தில், மேலேயே, இரண்டு ஸ்க்ரூக்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் எல்லாக் குற்றமும் அதன் தலையில் விழுகிறது. ஆனால் வால்வை இயக்கும் டேப்பெட்டும், தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் தவறாக இருக்கும்போது மிக்சரைச் சரிசெய்வது, கோணலாக நிற்கும் மேசையின் மேல் தராசை வைத்து எடை போடுவதற்குச் சமம்.

முதலில் டேப்பெட் இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி குறைந்துபோயிருந்தால் வால்வு முழுதாக மூடாது. ஐடிலிங்கில் அதன் விளைவு நேராக ஹைட்ரோகார்பனில் தெரியும். அடுத்துக் கம்ப்ரஷன்: சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு செய்யும் எதுவும் வீண். பிறகு பிளக்குகள், அவற்றின் இடைவெளி, ஒயர்கள், மூடி, ரோட்டார். அதன்பின், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை எழுப்பும் காண்டாக்ட் பாயிண்ட். பாயிண்டின் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் கூடவே நகரும்; இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் அட்வான்ஸ் ஆகும், அதாவது முன்னால் போகும். எனவே பாயிண்டை முதலில் அமைத்துவிட்டு, டைமிங்கை அதற்குப் பின்னரே பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும். எஞ்சின் உறிஞ்சுதலைக் கொண்டு டைமிங்கை நகர்த்தும் வாக்குவம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள்: உள்ளே இருக்கும் தட்டு நகர்ந்து, நாக்கால் குழாயை அடைத்திருக்கும் வரை அப்படியே நிற்க வேண்டும். உடனே திரும்பிவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாக, சிலிண்டர்களுக்கு மிக்சரைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குள் காற்றும் போய்க்கொண்டிருக்கக் கூடும்.

கடைசியாக ஏர் ஃபில்டர். அழுக்கு ஃபில்டர் மிக்சரை ரிச்சாக்கும் என்பது மட்டும் காரணமன்று. சோதனையில் ஃபில்டருடன்தான் வண்டி நிற்கப்போகிறது என்பதால், சரிசெய்யும்போதும் அது மாட்டியே இருக்க வேண்டும்.

டைமிங்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் எண் குறையும் என்கிறார்களே?

ஹைட்ரோகார்பன் குறையும் என்பது உண்மைதான். தீ தாமதமாகப் பற்றினால் எக்ஸாஸ்ட் வாயு வெளியேறும்போது இன்னும் சூடாக இருக்கும். மிச்சமிருக்கும் பெட்ரோல் குழாயிலேயே எரிந்து தீரும். 1970களில் பல தயாரிப்பாளர்கள் இதையே வேண்டுமென்று செய்து, ஐடிலிங்கில் டைமிங்கைப் பின்தள்ளினார்கள். கார்பன் மோனாக்சைடில் இதனால் பெரிய மாற்றம் வராது. அது மிக்சர் சொன்னபடிதான் கேட்கும். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் தள்ளினால் எஞ்சின் சூடேறும், இழுவை போய்விடும். கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். பெரும்பாலான கார்கள் அதற்கும் முன்னே போய் நிற்பதைத்தான் பார்க்கிறோம்.

காற்றுக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட், மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டில் ஆகிய இந்த நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் கசியும். வாக்குவம் கேஜ் இருந்தால் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். நல்ல எஞ்சினில் முள் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் அசையாமல் நிற்கும்.

கேஜ் இல்லையென்றால், ஒரு நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கேஸ்கெட்டுகளின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் "ஸ்ஸ்" என்ற சீறல் தெளிவாகக் கேட்கும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை எடுத்து அதே இடங்களில் பீய்ச்சினாலும் எஞ்சின் சத்தம் மாறும். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பது பரவலான பழக்கமே. ஆனால் சிவக்கச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கிறது, அந்தத் திரவமோ எளிதில் தீப்பற்றக்கூடியது. தண்ணீர் வேலைக்கு ஆகும்போது தீயோடு விளையாட வேண்டியதில்லை.

ஸ்பிண்டில் தேய்ந்திருந்தால் த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது விரலுக்குத் தெரியும். தேய்ந்த ஸ்பிண்டிலோடு ஐடிலிங்கைச் சரிசெய்ய முயன்றால், ஒருமுறை 800 சுற்றில் நிற்கும் எஞ்சின் அடுத்தமுறை 1100இல் நிற்கும். தண்டைத் தாங்கும் புஷ்ஷை மாற்றுவதைத் தவிர இதற்கு வழியில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் கார்பன் மோனாக்சைடு இறங்கவில்லை. வேறு என்ன இருக்கக்கூடும்?

எஞ்சின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். என் சொந்த அனுபவம் ஒன்று. நான்கு சிலிண்டர் எஞ்சின், பாதி ஸ்க்ரூ உள்ளே போன பின்பும் திரையில் 5.8 சதவீதம். ஒரு மணி நேரம் ஜெட்டையும் ஃப்ளோட்டையும் கழற்றி மாட்டிக் களைத்த பிறகு, கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் அடிப்பகுதி, ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாயைக் கழற்றி, மேனிஃபோல்டுப் பக்கத்தை விரலால் அடைத்தேன். எண் கண்ணெதிரே இறங்கத் தொடங்கி 3.1இல் நின்றது. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் பெட்ரோல் நெடி. குளிர்காலம் முழுவதும் குறுகிய தூரமே ஓடி, சோக் போட்டுப் போட்டு, எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருந்தது. எஞ்சின் சூடானதும் அது ஆவியாகி, மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே போய் மிக்சரை ரிச்சாக்கிக்கொண்டிருந்தது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியதோடு விஷயம் முடிந்தது. கார்புரேட்டரில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்காமல் நான் எந்த ஜெட்டையும் தொடுவதில்லை.

ஃப்ளோட் மட்டம் எவ்வளவு முக்கியம்?

மிகவும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைதான் ஃப்ளோட். அந்தக் கிண்ணத்தில் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஜெட் வழியாக அது எவ்வளவு எளிதாக மேலேறும் என்பது அமைகிறது. மட்டம் உயர்ந்தால் எல்லா வேகத்திலும் ரிச். காரணம், கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு தேய்ந்ததாக இருக்கலாம், அதன் இருக்கையில் சிக்கிய தூசியாக இருக்கலாம், ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்த ஃப்ளோட்டாகவும் இருக்கலாம். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே திரவம் அலம்பும் சத்தம் கேட்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி கிளம்பும். பெட்ரோல் பம்பின் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய கார்புரேட்டர்களில் பலவும் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்காகவே செய்யப்பட்டவை, புதிதாக மாட்டிய மின்பம்பு 6 பி.எஸ்.ஐ. தந்தால் அவற்றின் நீடில் வால்வு தாங்காது.

ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பியை நுழைக்க வேண்டாம். பித்தளை மென்மையானது, ஒருமுறை கீறினாலும் துளையின் அளவு மாறிவிடும். கிளீனரும் காற்றழுத்தமும் போதும்.

நிலையான ஜெட் உள்ள கார்புரேட்டரில் மிக்சர் ஸ்க்ரூவை எப்படித் திருப்புவது?

சோலெக்ஸ், வெபர், ஜெனித், கார்ட்டர் போன்றவற்றில் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். ஒன்று த்ராட்டிலைத் தாங்கி நிற்கும் ஐடில் ஸ்க்ரூ. மற்றொன்று கார்புரேட்டரின் அடிப்பகுதியில், கூரான முனையோடு உள்ளே போகும் மிக்சர் ஸ்க்ரூ. இவற்றில் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் லீன், வெளியே திருகினால் ரிச். காற்றை மட்டும் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூ வகையில் இது தலைகீழ்; ஆகவே உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பத்து நிமிட ஐடிலிங் போதாது, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வர வேண்டும். சோக் முழுவதும் விலகியிருக்கிறதா, சோக் கேபிளில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, மிக்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் உள்ளே போய் அமர்கிறது என்பதை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பிவர ஒரு வழி வேண்டுமல்லவா? அமரும்போது விரல் பலமே அதிகம். இறுக்கினால் கூர்முனையில் வளையம் போலத் தடம் விழும். அதன்பின் அந்த ஸ்க்ரூவால் நுணுக்கமாக எதையும் அமைக்க முடியாது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து எஞ்சினைக் கிளப்புங்கள்.

இப்போது ஐடிலிங்கைக் கையேட்டின் அளவுக்கு, பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள், கொண்டுவந்து மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின் பத்து வினாடியாவது காத்திருக்க வேண்டும். எஞ்சின் உடனே பதில் சொல்லிவிடும், ஆனால் புகைக்கருவியின் எண் குழாய் வழியாக வந்துசேரத் தாமதமாகும். வெளியே திருப்பத் திருப்ப எஞ்சின் வேகமெடுத்து, ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நின்று, பிறகு சைலன்சர் முனையில் கனமான "தொப் தொப்" சத்தத்தோடு இறங்கத் தொடங்கும். உள்ளே திருப்பினால் அதே உச்சியைத் தாண்டியதும் எஞ்சின் தாளம் தப்பி நடுங்கும். உச்ச வேகத்தைக் கண்டுபிடித்து, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை மீண்டும் இறக்கி, மறுபடி உச்சியைத் தேடுங்கள். இரண்டு மூன்று முறையில் இரண்டும் ஒத்துவரும். அதன்பின் வேகம் 20 முதல் 50 சுற்று வரை குறையும் அளவுக்கு மட்டும் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே விடுங்கள். பெரும்பாலான ஆரோக்கியமான எஞ்சின்கள் இந்த இடத்தில் வரம்புக்குள் வந்துவிடுகின்றன.

ஸ்க்ரூவை முழுவதும் உள்ளே திருகியும் எஞ்சின் அசையவில்லையே?

அப்படியானால் பெட்ரோல் வேறு வழியில் வருகிறது. பெரும்பாலும் ஐடில் ஸ்க்ரூவால் த்ராட்டிலை அதிகம் திறந்து வைத்திருப்பார்கள். த்ராட்டில் தகட்டின் விளிம்பு, வேகமெடுக்கும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய சிறு துளைகளைக் கடந்து நிற்கும், அவற்றின் வழியாகப் பெட்ரோல் தாராளமாகப் போகும். டைமிங் பின்தங்கியதாலோ காற்றுக் கசிவாலோ எஞ்சின் நிற்க முடியாமல் போய், அதை நிற்க வைக்க யாரோ த்ராட்டிலைத் திறந்திருப்பார்கள். வேரை அங்கே தேடுங்கள். ஹோலி கார்புரேட்டராக இருந்தால், பளு கூடும்போது கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஸ்.யு., ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்களுக்கு என்ன முறை?

இவற்றில் ஐடிலிங்குக்கென்று தனி ஜெட் கிடையாது. காற்றின் தேவைக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன், அதனோடு சேர்ந்து அசையும் சரிவான ஊசி, அந்த ஊசி நுழைந்து நிற்கும் ஒரே ஜெட், இவ்வளவுதான். ஐடிலிங்கில் நீங்கள் செய்யும் மாற்றம் எல்லா வேகத்திலும் தெரியும் என்பது இதன் வசதியும் ஆபத்தும் ஆகும்.

எஸ்.யு. எச்.எஸ். வகையில் ஜெட்டின் அடியில் ஆறுபட்டை நட் இருக்கும். அதை மேலே ஏற்றினால் ஜெட் உயர்ந்து மிக்சர் லீனாகும், கீழே இறக்கினால் ரிச்சாகும். ஜெட்டின் வாய், பிஸ்டன் அமரும் தளத்தோடு சமமாகும்வரை நட்டை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை, இறக்கினால் தொடக்க நிலை கிடைக்கும். அதன்பின் ஒவ்வொரு பட்டையாகத்தான் நகர வேண்டும். சரிபார்க்க, பக்கத்திலுள்ள சிறு தூக்குக் கம்பியை அழுத்தியோ மெல்லிய திருப்புளியாலோ பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் வேகமெடுத்து அப்படியே நின்றால் ரிச். உடனே தொய்ந்து அணையப் போனால் லீன். ஒரு கணம் மெல்ல ஏறி, பழைய வேகத்துக்கே திரும்பினால் சரி. எச்.ஐ.எஃப். வகையில் நட்டுக்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ. அதைக் கடிகார திசையில் திருப்பினால் ரிச்.

பின்னாளைய ஸ்ட்ராம்பெர்க்குகளில் ஜெட் நிலையானது, மேலிருந்து தனிக் கருவியை விட்டு ஊசியை ஏற்றி இறக்க வேண்டும். அந்தக் கருவியின் வெளிக்குழல் பிஸ்டனைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். வெறும் ஆலன் சாவியை விட்டுத் திருப்பினால் பிஸ்டனும் சேர்ந்து சுழன்று டயஃப்ரம் கிழியும்.

நட்டை உச்சிவரை ஏற்றியும் கார்பன் மோனாக்சைடு இறங்காவிட்டால் ஊசி உரசி ஜெட்டின் துளை நீள்வட்டமாகியிருக்கும், அல்லது சோக்கை விடுவித்த பின்னும் ஜெட் முழுதாக மேலே வராமல் பாதியில் சிக்கியிருக்கும். கீழே கைவிட்டு ஜெட்டை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தால் இரண்டாவதற்கு உடனே விடை தெரியும். மேலுள்ள, பிஸ்டனின் அசைவை மட்டுப்படுத்தும் டேஷ்பாட்டில் எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் இருக்க வேண்டும். அது குறைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தடுமாறும், ஆனால் ஐடிலிங்கில் திரையில் வரும் எண்களை அது மாற்றாது.

இரண்டு கார்புரேட்டர் இருந்தால்?

முதலில் காற்று, பிறகு மிக்சர். இரண்டையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்தி, ஒவ்வொன்றும் இழுக்கும் காற்று சமமாகும்வரை ஐடில் ஸ்க்ரூக்களை அமைத்து, அதன்பின் மிக்சரைத் தொடுங்கள். காற்றளவுமானி இல்லாவிட்டால் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகேயும் வைத்து, இரு பக்கத்துச் சீறலும் ஒரே சுருதியில் இருக்கிறதா என்று கேட்கலாம். சைலன்சர் முனையில் கிடைப்பது இரண்டின் சராசரி என்பதை மறக்க வேண்டாம்: ஒன்று 5, மற்றொன்று 1 என்றிருந்தாலும் திரை 3 என்றே காட்டும், எஞ்சின் மட்டும் நொண்டும்.

ஐடிலிங்கில் தேறிவிடுகிறது, 2500 சுற்றில் தோற்கிறது. ஏன்?

அந்த வேகத்தில் மிக்சர் ஸ்க்ரூவின் ஆட்சி முடிந்து மெயின் ஜெட்டும், அதன் பெட்ரோலில் காற்றைக் கலக்கும் ஏர் கரெக்டர் ஜெட்டும் பொறுப்பேற்றுவிடுகின்றன. அழுக்கு ஏர் ஃபில்டர், உயர்ந்த ஃப்ளோட் மட்டம், அடைத்த ஏர் கரெக்டர், யாரோ முன்பு மாற்றிய பெரிய மெயின் ஜெட் என்ற வரிசையில் பாருங்கள். ஜெட்டின் மேல் பொறித்த எண்ணைக் கையேட்டோடு ஒப்பிடுவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாமல் நாள் முழுவதும் வீணாக்கியவர்கள் உண்டு.

புகைக்கருவி இல்லாமல் வீட்டிலேயே அமைக்க முடியுமா?

மேலே சொன்ன உச்ச வேக முறை எஞ்சின் சுற்றைக் காட்டும் ஒரு டேக்கோமீட்டர் இருந்தாலே போதுமானது. கண்ணாடி பொருத்திய சோதனைப் பிளக் கிடைத்தால் எரியும் நிறத்தையே பார்க்கலாம்: மஞ்சள் என்றால் ரிச், கேஸ் அடுப்புச் சுடரின் நீலம் என்றால் சரி, வெளிறிய நீலம் என்றால் லீன். எக்ஸாஸ்டில் மாட்டி மிக்சரை அறியும் வைட்பேண்ட் லாம்டா சென்சார் பயனுள்ளது. ஆனால் அது அளப்பது ஆக்சிஜனை. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால், எரியாத ஆக்சிஜனைக் கண்டு லீன் என்று தவறாகச் சொல்லும். வழக்கமான பிளக்கின் நிறம் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லுமே தவிர ஐடிலிங்கைப் பற்றி அதிகம் சொல்லாது.

எங்கு செய்தாலும் திறந்த வெளியில் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் தலைவலி தொடங்கும் முன்பே ஆபத்து தொடங்கியிருக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் சோதனையைப் பாதிக்குமா?

எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ எரிய 9 கிலோ காற்றே போதும். பத்து சதவீதக் கலவையில் தேவை 14.1க்கு இறங்குவதால், அதே ஜெட்டில் மிக்சர் மூன்று நான்கு சதவீதம் லீனாகும். சோதனைக்கு இது சாதகமே. ஏற்கெனவே லீனாக அமைந்த எஞ்சின் மட்டும் இதனால் விளிம்பைத் தாண்டி நடுங்கத் தொடங்கலாம். சோதனை எண்களைவிடக் கவலைப்பட வேண்டியது பழைய ரப்பர் குழாய்களைப் பற்றி. எத்தனால் அவற்றை உப்பச் செய்து உதிர்க்கும், உதிரும் துகள் நேராக நீடில் வால்வில் போய் உட்காரும்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் என்ன செய்வது?

உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். கார்புரேட்டர் அதை அறியாது, மிக்சர் ரிச்சாகும். சமவெளியில் அமைத்த கார் மேலே தோற்பது இயல்பு. சோதனை நடக்கும் உயரத்திலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் ஊற்றும் திரவங்கள் உதவுமா?

லேசாகப் படிந்த பிசினைக் கரைக்கும் அளவுக்கு உதவலாம். தேய்ந்த ஜெட்டையோ கிழிந்த டயஃப்ரத்தையோ எந்தத் திரவமும் சரிசெய்யாது.

சோதனை நாளன்று கவனிக்க வேண்டியவை?

வண்டியை அரை மணி நேரமாவது நன்றாக ஓட்டிச் சூடோடு கொண்டுபோங்கள். ஆயில் 80 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது நீண்ட நேரம் ஐடிலிங்கில் விட வேண்டாம். பிளக்கில் கரி படியும், கார்புரேட்டரும் சூட்டில் கொதித்துப் பெட்ரோலைத் தானாகவே கசியவிடும். உங்கள் முறை வரும்வரை எஞ்சினை அணைத்து வைத்து, குழலைச் செருகுவதற்குச் சற்று முன் 2500 சுற்றில் அரை நிமிடம் பிடித்து விடுங்கள். மேனிஃபோல்டில் தேங்கிய பெட்ரோல் போய்விடும். மின்விசிறி, விளக்கு, ஏசி எல்லாம் அணைந்திருக்கட்டும்.

தேறிய பிறகு ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாமா?

திருப்ப வேண்டிய தேவை ஏன் வருகிறது என்று பாருங்கள். 2.5 சதவீதத்தில் நன்றாக இருக்கும் எஞ்சின் ஐடிலிங்கிலும் ஓட்டத்திலும் தடுமாறாது. தடுமாறினால், ரிச் மிக்சர் இதுவரை மறைத்துவைத்திருந்த காற்றுக் கசிவோ தேய்ந்த ஸ்பிண்டிலோ பழுதான வாக்குவம் அட்வான்ஸோ இப்போது வெளியே தெரிகிறது. அதைச் சரிசெய்துவிட்டு ஸ்க்ரூவை இருந்த இடத்திலேயே விடுங்கள். மிக்சர் ஸ்க்ரூ உள்ளே அமரும் இடத்திலிருந்து எத்தனை சுற்று, ஐடிலிங் வேகம் எவ்வளவு, டைமிங் எத்தனை டிகிரி, நான்கு வாயுக்களின் எண்கள் என்னென்ன என்பதை ஒரு தாளில் எழுதி, கையேட்டின் உள்ளட்டையில் ஒட்டி வையுங்கள். அடுத்த சோதனைக்கு முன் எண்களில் எது நகர்ந்திருக்கிறதோ, அதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.